அணியத்துப் பாரம்

என் மகளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண் முதல் நாளே சொன்ன புத்திமதிகள் எல்லாவற்றையும் நான் முன்பே கேட்டிருந்தேன். பின்னால் ஒதுங்கி உட்காராதே. பாயை இறுக்கிப் பிடிக்காதே. போகவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே நேராகப் போகாதே, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார். சுக்கானைச் சும்மா சும்மா ஆட்டாதே. வேண்டாத பாரம் எதையும் படகில் வைத்திருக்காதே. இந்தக் குளிர்நாட்டு ஏரிக்கரையில், தடித்த சட்டைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்று இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு களைப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புக்குப் பின்னாலேயே களைப்பும் வந்துவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், என் வயதுக்காரர்தானே நீங்கள்.

ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டவர்கள். சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் சட்டை தோய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். உங்களுக்கு அந்தக் காலத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் உங்களில் அநேகம் பேர் தோட்டக்காணிப் பக்கத்துக்காரர். சண்டிலிப்பாயில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த மெசின்கள் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். கொழும்புத்துறையில் எங்கள் கரையில் என்ன நின்றுபோனது என்று தெரியாது. அந்த ஒரு சோளகக் காலத்தைத்தான் சொல்ல வந்தேன். சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, அதை மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் கரையில் எல்லாரும் எஞ்சின்காரர். பின்பக்கம் தட்டையாக வெட்டிய சின்ன வள்ளங்கள், அந்தத் தட்டையில் மாட்டிய மண்ணெண்ணெய் எஞ்சின்கள். அப்பாவின் வயதுக்காரர் சிறுவயதில் பாய் பிடித்தவர்கள்தான். எஞ்சின் வந்ததும் பாயைக் கோழிக்கூட்டின் மேல் விரித்துவிட்டு மறந்துபோனார்கள். பிறகு சண்டை வந்து, அரசாங்கம் தடை போட்டு, ஒருநாள் மண்ணெண்ணெய் வராமல் போயிற்று. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு அடுப்பு அவ்வளவு பொறுமையாக இருக்கவில்லை. கடைசியில் பெண்கள் கோயில் வளவில் கூடியிருந்து, மாச்சாக்குகளைப் பிரித்துத் தோய்த்துப் பாய் தைத்தார்கள். அம்மாதான் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார். எல்லாம் ஒரே சாக்கு, ஒரே அளவு, ஒரே அழுக்கு வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் எந்தப் பாய் எவருடையது என்று மாதாவே இறங்கி வந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

பாய் விரித்த முதல் நாள் கரையில் திருநாள் கூட்டம். எஞ்சின் பிடித்துப் பழகிய உடம்புகள் யாரும் சொல்லாமலே பின்னால் போய்க் குந்தின. வள்ளங்கள் எல்லாம் முன்பக்கத்தை, எங்கள் பேச்சில் அணியத்தை, வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றன. எஞ்சினை முறுக்கினால் வேகம் வரும் என்று பழகிய கைகள் பாய்க்கயிற்றையும் பிடித்து முறுக்கின. பாய் பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. வள்ளம் முன்னுக்குப் போகாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தது. அதைவிட, எல்லாரும் வலை போடுகிற இடத்துக்கு நேராக அணியத்தைத் திருப்பி வைத்தார்கள். காற்று வந்துகொண்டிருந்ததும் அங்கேயிருந்துதான். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பெரிய எடுப்பில் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கும் பின்னால், சேற்றுக்குள் வந்து செருகி நின்றார். கரையில் நின்றவர்கள் பயணம் எப்படி என்று கேட்டார்கள்.

“பறவாயில்லை, போற இடம் கிட்டத்தான் இருந்தது” என்றார் பெரியப்பா.

ஆனால் வயிறு நல்ல வாத்தியார். சில கிழமைகளில் பழைய பழக்கம் கைகளுக்குத் திரும்பி வந்தது. பாய்க்கயிற்றை முதலில் இளக்கிவிட வேண்டும், பாய் படபடவென்று அடிக்கத் தொடங்கும். பிறகு மெல்ல மெல்ல இழுத்து, அந்தப் படபடப்பு அடங்கிய இடத்தில் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு விரல்கூட இழுக்கக்கூடாது. எதிர்காற்றில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்து சாய்ந்து போகவேண்டும். சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் தண்ணீரில் பிரேக் போடுகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஆணும் பெண்ணும் சந்தையில், கோயிலில், கிணற்றடியில் இதைத்தான் கதைத்தார்கள். அப்பாவும் அதையெல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனாலும் எங்கள் வள்ளம்தான் கடைசி.

கடைசி என்பது சின்ன விஷயமில்லை. முதலில் வருகிறவர்கள் கல்லுத்துறையில் வள்ளத்தைக் கட்டுவார்கள். மீன் வாங்கிச் சைக்கிளில் கொண்டுபோகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். பிந்தி வந்தால் கல்லுத்துறையில் இடமிருக்காது, மேற்கே தள்ளிச் சேற்றுத்துறைக்குத்தான் போகவேண்டும். ஐஸ் என்பது கதையில் கேட்கிற பொருளாகிவிட்ட காலம். சேற்றுத்துறைக்கு வந்துசேரும் மீன் கண் மங்கி வயிறு தளர்ந்திருக்கும். அம்மா ஒவ்வொரு நாளும் பனையோலைக் கூடையோடு, எங்கள் பேச்சில் கடகத்தோடு, அந்தச் சேற்றுத்துறையில் நிற்பார். கடலில் வரிசையாகப் பாய்கள் தெரியும்போது அம்மா முன்னால் வருவதைப் பார்ப்பதே இல்லை. கடைசிப் பாயைத் தேடுவார். கடைசிப் பாய் தெரிந்தால், அதோ அவர் என்று மூச்சு விடுவார்.

மீனைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வெயில் ஏறினால் ஹெலி, ஆமியின் ஹெலிகொப்டர், சுட்டுக்கொண்டு வரும். வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கட்டளை. மற்ற வள்ளங்கள் கரையேறிய பிறகும் எங்கள் பாய் மட்டும் தனியே தண்ணீரில் நிற்கும். தனியே நிற்பதைத்தான் ஹெலிக்குக் கண் தெரியும் என்று பெரியப்பா சொல்வார்.

ஏன் பிந்தினோம் என்பதும் கரைக்கே தெரியும். மற்றவர்கள் எல்லாரும் எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார்கள். அப்பா கழற்றவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத அந்த இரும்புப் பாரம் வள்ளத்தின் பின்பக்கத்தில் தூக்கி மடித்தபடி கிடந்தது. அது நடுவில் இருந்ததால் சுக்கானையும் ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டியிருந்தார். பின்பக்கம் அமிழ்ந்து, தண்ணீரை இழுத்து இழுத்துக்கொண்டு, நிறைசூலி மாதிரி வரும் எங்கள் வள்ளம்.

அந்த எஞ்சினை உயிர்ப்பித்தவர் என் அண்ணை. யாரோ ஏலாது என்று எறிந்ததை வாங்கி, பிரித்து, ஒவ்வொரு துண்டாகத் துடைத்துத் திரும்பப் பூட்டினார். அதன் சத்தத்தை வைத்தே எங்கள் வள்ளம் வருகிறது என்று கரை சொல்லும். மண்ணெண்ணெய் இல்லாமல் போன பிறகும் அண்ணை பின்னேரங்களில் போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். ஒருநாள் அப்பாவிடம், “இதைக் கழட்டிப் போடாதேங்கோ அப்பா. எண்ணெய் வந்தவுடனை நான்தான் ஓடுவன்” என்றார். அதற்குப் பிறகு வந்த ஒரு பின்னேரம் சைக்கிளில் போன அண்ணை திரும்பவில்லை. அவரோடு படித்த ஒருவன் சைக்கிளைக் கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். சைக்கிள் மட்டும் வந்தால் பொடியன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அம்மா அண்ணைக்கும் சேர்த்தே சோறு போட்டு மூடி வைத்தார். அப்பா அண்ணையைப் பற்றி, ஏதோ அலுவலாக அடுத்த ஊருக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். எஞ்சினைப் பற்றி யாராவது கேட்டால், கழற்றி வைத்தால் கள்ளர் கொண்டுபோய்விடுவார்கள் என்பார். நானும் கள்ளரைத்தான் நம்பினேன். பெரியப்பா, தம்பிக்கு எஞ்சின்காரன் என்ற பெருமை விடவில்லை என்று நினைத்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அத்தானுக்குப் பிடிவாதம் என்று நினைத்தார். ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். அவர் வாய் திறந்து சொல்லாததால் எங்களுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது.

மாமாதான் அப்பாவோடு வள்ளத்தில் போகிற ஆள். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

“அத்தான், உதைக் கழட்டுங்கோ. இந்த வள்ளம் பறக்கும்.”

“அணியத்திலை கொஞ்சம் பாரம் வைச்சால் சரிவரும்” என்றார் அப்பா.

வைத்தார். உரப்பையில் மணல் நிரப்பி அணியத்தில் போட்டார். பின்னால் எஞ்சின், முன்னால் மணல். வள்ளம் மட்டமாகத்தான் நின்றது, ஆனால் தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டது. ஒரு பாரத்தைச் சரிக்கட்ட இன்னொரு பாரம் வைக்கிற கணக்கு மாமாவுக்கு விளங்கவில்லை. ஒருநாள் அலை உள்ளே வந்து மணல் நனைந்து, வள்ளம் தாழப் பார்த்தது. இருவரும் மணலைக் கடலில் கொட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த நாள் மாமா பெரியப்பாவின் வள்ளத்தில் ஏறினார். கோபித்துக்கொண்டு போகவில்லை, அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தன. “எனக்கும் வீடு வாசல் இருக்கு அத்தான்” என்று மட்டும் சொன்னார். அப்பா ஓம் என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் கடலுக்குப் போனேன்.

எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. ஏறினால் வலை வெறுமையாக வரும் என்று ஒரு பேச்சு. நான் இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை. அகதிகளாக வந்தவர்கள் தங்கியிருந்ததால் பள்ளிக்கூடமும் பூட்டு. தண்ணீர் இறைக்க ஒரு ஆள் வேண்டும், வேறு ஆள் இல்லை என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா என் கழுத்தில் செபமாலையைப் போட்டுவிட்டார்.

தண்ணீர் இறைக்கிற வேலை கொஞ்சம்தான். என் உண்மையான வேலை அணியத்தில் இருப்பது. மணல் மூட்டைக்குப் பதில் நான். ஆனால் மணலுக்கு இல்லாத ஒரு வசதி எனக்கு இருந்தது, நான் நகர்வேன். “முன்னுக்குப் போ பிள்ளை” என்பார் அப்பா. நகர்வேன். “காத்துப் பக்கம் சரிஞ்சிரு.” சரிவேன். நான் ஒரு சாண் தள்ளி இருந்தால் வள்ளத்தின் அடியில் தண்ணீரின் சத்தம் மாறும். களக் களக் என்று அடித்துக்கொண்டிருந்தது, சீலை கிழிக்கிற மாதிரி ஒரே இழையாகப் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் விடியுமுன் எழும்பினேன். காற்றுத் தண்ணீரில் நடந்து வருவதை அங்கேயிருந்துதான் பார்க்கப் பழகினேன். தண்ணீர் ஓரிடத்தில் கறுத்துச் சிலிர்த்தால், கொஞ்ச நேரத்தில் காற்று நம்மேல் வரும். “அப்பா, வருது” என்பேன். அவர் கயிற்றை ஒரு விரல் இளக்குவார். வள்ளம் சரியாமல் முன்னுக்குப் பாயும். நாங்கள் இரண்டு பேரும் வேறொன்றும் கதைப்பதில்லை. ஈர மரத்தின் மணமும், பழைய இறால் மணமும், பாய்ச்சாக்கில் இன்னும் மிச்சமிருந்த புளித்த மாவின் மணமும் எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கின்றன. என் வாழ்க்கையில் நான் ஒரு வேலைக்கு இவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதை ஒளிக்கத் தேவையில்லை.

நான் சொல்லித்தான் ஆகவேண்டும், அப்பா மிக நல்ல பாய்க்காரர். அதை அணியத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். கரை முழுக்க அவருக்குப் புத்திமதி சொன்னது. பின்னால் இராதே, கயிற்றை விடு, அடிப்பாசியைச் சுரண்டு. அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். ஒன்றாவது அவருக்குத் தெரியாததாக இருக்கவில்லை.

நான் இருந்தும் கடைசிதான் வந்தோம். கொஞ்சம் குறைந்த கடைசி, அவ்வளவுதான்.

ஒருநாள் காற்று விழுந்துவிட்டது. மற்றப் பாய்கள் மிச்சக் காற்றைப் பிடித்துக் கரைக்குப் போய்விட்டன. எங்கள் பாரத்துக்கு அந்தக் காற்றுப் போதவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் ஆட்கள் நிற்பது தெரிந்தது, அவர்களின் சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் மற்றச் சத்தமும் கேட்டது.

அப்பா ஒரு எட்டில் அணியத்துக்கு வந்து என்னை அமுக்கிக் கிடத்தி, பாயை அவிழ்த்து என்மேல் விழுத்தினார். மாவு மணக்கிற சாக்கின் அடியில் நான் கிடந்தேன். தண்ணீர் தெறிக்கிற சத்தம் வந்தது, மணலை அள்ளித் தகரத்தில் வீசுகிற மாதிரி. ஒரு தரம் சுற்றி, இன்னொரு தரம் சுற்றி, பிறகு என்ன நினைத்தார்களோ, போய்விட்டார்கள். சாக்கை விலக்கிப் பார்த்தபோது அப்பா பின்பக்கம் போகவில்லை. என் பக்கத்திலேயே இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

“அம்மாவுக்குச் சொல்லாதை” என்றார்.

சொல்லத் தேவை வரவில்லை. கரை முழுக்கப் பார்த்திருந்தது. எங்கள் வள்ளம் கல்லுத்துறைக்கு நேரே நின்றது. அம்மா மட்டும் சேற்றுத்துறையில், பற்றைகள் மறைக்கிற பக்கம் நின்றதால் சத்தத்தைத்தான் கேட்டார். பெரியப்பா எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் அவரிடம் சொன்னார். அவர் சொன்னது இரக்கத்தில்தான். ஆனால் பயத்தில் வாய் நிற்கவில்லை.

“பெட்டைக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, பயப்பிடாதை. எண்டாலும் எஞ்சினுக்கு எதிர்ப்பாரம் வைக்க இவனுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

அம்மாவுக்கு அதுவரை தண்ணீர் இறைக்கிற கதைதான் தெரியும். சேற்றுத்துறையில் என்னைத் தூக்கி இறக்கினார், தலையைத் தடவினார், கடகத்தில் மீனை அள்ளினார். மத்தியானம் அப்பா சாப்பிட இருந்தபோதுதான் கேட்டார். சத்தம் போடவில்லை. கறியில் உப்புப் போதுமோ என்று கேட்கிற குரல்.

“போனவன்ரை எஞ்சினுக்கு இருக்கிறவளைப் பாரம் வைக்கிறியளோ?”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. எங்கள் வீட்டில் அண்ணையைப் ‘போனவன்’ என்று யாரும் சொன்னது அதுதான் முதல் தரம்.

“கழட்ட வேண்டாமெண்டு சொன்னவன்” என்றார் அப்பா.

“ஓம். எனக்கும்தான் சொன்னவன். வாறன் எண்டு.”

அப்பா சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை. கை கழுவிவிட்டு, அண்ணையின் நட்டுத் திருகும் சாவிகள் கிடந்த தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். நான் பின்னால் போனேன். நட்டுகள் உப்பில் இறுகியிருந்தன. அப்பா தேங்காயெண்ணெய் விட்டு விட்டுத் திருகிக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே மாமா வந்து மற்றப் பக்கம் பிடித்தார். எஞ்சின் தூக்கி எடுத்ததும் வள்ளத்தின் பின்பக்கம் தண்ணீரிலிருந்து மெல்ல மேலே வந்தது. நெடுங்காலம் அமிழ்ந்திருந்த பலகை பச்சைப் பாசியோடு வெயிலில் தெரிந்தது. அப்பா அதைக் கையால் தடவினார்.

எஞ்சினைத் துடுப்பில் கட்டித் தோளில் போட்டு இருவரும் ஒழுங்கையால் கொண்டுபோனார்கள். வேலிக்கு மேலால் பெண்கள் பார்த்தார்கள். கள்ளுக்குடித்துவிட்டு வந்த ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார். பெரியப்பா எங்கள் வாசல் படலையடியில் நின்றார், வழக்கம்போல ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தார், பிறகு சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். அம்மா அண்ணை படுக்கும் பாய் சுருட்டிக் கிடந்த மூலையில் ஒரு சாக்கு விரித்து வைத்திருந்தார். எஞ்சினை அதில் இறக்கியதும் தன் பழைய சேலைத் துண்டை எடுத்து அதன் உப்பைத் துடைக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அதைத் துடைப்பது அம்மாவின் வேலையாயிற்று.

பின்பலகையில் நட்டுகள் இருந்த ஓட்டைகளை அப்பா அன்று பின்னேரம் அடைத்தார். வள்ளத்தில் எந்த ஓட்டையானாலும் தார் காய்ச்சி ஊற்றி அடைப்பார். இவற்றுக்கு மட்டும் மரத்தில் முளை சீவி, சீலை சுற்றிக் கையால் அமத்தினார். வேண்டிய நேரம் பிடுங்கி எடுக்கலாம்.

அடுத்த நாள் மாமா அப்பாவோடு போனார். என்னை எழுப்பவில்லை. நான் எழும்பி இருந்து அழுதேன். அண்ணையின் எஞ்சினைக் கழற்றியது எனக்கு விளங்கவில்லை, என்னைக் கழற்றியதுதான் விளங்கியது. அம்மா தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. வெயில் வந்ததும் கடகத்தை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, வழக்கம்போலச் சேற்றுத்துறைக்குப் போனார்.

பாய்கள் தெரிந்தன. முதலில் ஒன்று தனியே, நல்ல வேகத்தில், கல்லுத்துறைப் பக்கம் போயிற்று. அம்மா அதைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு கூட்டமாக வந்தன. அவையும் கல்லுத்துறைக்குத் திரும்பின. பிறகு இரண்டு. பிறகு நெடுநேரத்துக்குப் பின் ஒன்று, தள்ளாடித் தள்ளாடி. “அதோ அவர்” என்றார் அம்மா. அது எங்கள் பக்கம்தான் வந்தது. கிட்ட வந்ததும் பார்த்தால் பெரியப்பா. மாமாவுக்குப் பதில் ஆள் கிடைக்காமல் தனியே போயிருக்கிறார்.

அவருக்குப் பின்னால் கடல் வெறுமையாக இருந்தது. ஒரு பாய்கூட இல்லை. அம்மா கடைசிவரை தேடினார். கையை நெற்றியில் வைத்துத் தேடினார். பிறகு கடகத்தைக் கீழே விட்டுவிட்டு, சேறு என்றும் பாராமல் அப்படியே குந்திவிட்டார். அழவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார், அது உள்ளே போகவில்லை. நான் அம்மாவை அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை.

“இஞ்சேர், நான் இஞ்சை நிக்கிறன்.”

அப்பா எங்களுக்குப் பின்னால் நின்றார். கல்லுத்துறையிலிருந்து நடந்து வந்திருக்கிறார். மீன் எல்லாம் விற்றாயிற்று. அம்மாவைத் தேடி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். கறிக்கென்று எடுத்துவைத்த ஒரு கோர்வை மீன் கையில் தொங்கியது, அதன் கண்கள் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தன.

“முதல் வந்திட்டம்” என்றார் அப்பா. சொல்லக் கூசுகிற குரலில் சொன்னார்.

அம்மா எழும்பவில்லை. “நான் கடைசிப் பாயைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றார்.

அப்பாவும் பக்கத்தில் குந்தினார். அவ்வளவு நேரத்தோடு கரைக்கு வந்துவிட்டதால், செய்ய வேறு வேலையும் அவருக்கு இருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வள்ளம் முதலாவதாக வந்தது, தப்பினால் இரண்டாவது. அப்பாவுக்குப் புத்திமதி சொல்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். அவர் மீனை விற்றுவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, கஞ்சியைத் தானே ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார். அம்மா வீட்டில் இருக்கமாட்டார். கடகம் இல்லாமல், வெறுங்கையோடு சேற்றுத்துறைக்குப் போய், கடைசிப் பாய் கரையேறும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவார். பழக்கதோஷம் என்று மாமா சொல்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அப்பா மட்டும் அம்மா வரும்வரை கஞ்சிப் பானையை மூடி வைத்திருப்பார்.

சில வருடங்களில், ஆமி வருகிறது என்று ஊர் முழுக்க ஒரே நாளில் எழும்பி நடந்தது, அது உங்களுக்கும் தெரியும், நீங்களும் அந்தத் தெருவில் நடந்தவர்கள். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அம்மா கடைசியாக ஒருமுறை துடைத்து, சாக்கால் மூடிவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது சாக்குமில்லை, எஞ்சினுமில்லை, வள்ளமுமில்லை. அண்ணை வரவில்லை. அதை எழுத இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது, எழுதும்போது இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது.

போன சனிக்கிழமை ஏரியில் பிள்ளைகளுக்குள் ஒரு சின்ன ஓட்டப்போட்டி வைத்தார்கள். காற்று நன்றாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பாய்கள். நான் கரையில் ஓரமாக நின்றேன். முழங்கால் நோவெடுத்தது, ஆனாலும் உட்காரவில்லை. யாரோ பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார்கள். மகள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கழுத்தில் ஒரு சின்னப் பதக்கத்தோடு நின்றாள்.

“அம்மா, நான் எப்பவோ வந்திட்டன். முதலாவதா வந்தனான். நீங்கள் ஏன் இன்னும் அங்கையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

“கடைசிப் பாய் இன்னும் வரேல்லை” என்றேன்.